அலறியது யார், மாடத்தி?

"ஐயய்யோ... ஓடியாங்களேன்! போச்சே... எல்லாம் போச்சே!"

கொச்சியின் மட்டாஞ்சேரி. கல்லூரி மதிலை ஒட்டிய வீட்டில் சாயா குடித்துக்கொண்டிருந்த மாடத்தி விறைத்துப்போனாள்.

பெண் குரல்!

மதிலுக்கு அந்தப் பக்கம் மேக்கர்ஸ்பேஸ். பிள்ளைகள் ஒயர், மரம், நார் என்று கையில் கிடைத்ததை வெட்டி ஒட்டிப் புதுசாக ஏதாவது செய்து பார்க்கும் கூடம். இன்று ஞாயிறு. கதவில் பூட்டு!

மறுபடியும் அலறல்...

தெருவில் எவர் தும்மினாலும் பேர் சொல்லிவிடுகிறவள் மாடத்தி. கண்ணை மூடினாள். கேட்டாள். முடிவு கட்டினாள்.

பாப்பா!

கல்லூரிக் காவலாளி பாலையாவின் மனைவி! நேற்றுதான் மீன் குழம்பில் புளி போதவில்லை என்று புருஷன் பெண்டாட்டிக்குள் ரகளை. மாடத்தி ஜன்னலோரம் நின்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருந்தாள்.

போனை எடுத்தாள். முதலில் தெருவுக்குச் சொன்னாள். பிறகுதான் போலீசுக்கு!

சாயா ஆறுவதற்குள் ஜீப் வந்துவிட்டது. கூடத்து வாசலில் எஸ்.ஐ. மஞ்சுஷா பாலையாவின் தோளைப் பிடித்தாள்.

"ஒய்ஃப் எவிடே, சேட்டா?"

"பள்ளுருத்தியில அவ அக்கா வீட்டுக்குப் போயிருக்கா, மேடம். போன் எடுக்க மாட்டேங்கிறா..."

"எப்படிலே எடுப்பா? உள்ளேல்லா கிடக்கா!" மாடத்தி மூக்கைச் சிந்தினாள். "புளி கம்மின்னு ஒரு பொம்பளையக் கொல்லுவியா?"

"அக்கா, சும்மா இரிங்க! எனக்கு வேலை போயிரும்!"

"இனிமே உனக்கு ஜெயில்லதாம்லே வேலை!"

பாலையா சாவியைப் போட்டுத் திருகினான். கதவு திறந்தது.

வாசலிலேயே ஒற்றைச் செருப்பு. பாதிதான் மிச்சம்!

"பாப்பா செருப்பு!" மாடத்தி நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

மஞ்சுஷா பாய்ந்து உள்ளே போனாள்.

பிணம் இல்லை. பாப்பாவும் இல்லை. மேஜை மேல் ஒரு பெட்டி. அதிலிருந்துதான் அலறல்! அதன் எதிரே... நிதானமாக மென்றபடி ஓர் ஆடு!

"மேடம்... அது என் ப்ராஜெக்ட்!" மூச்சிரைக்க ஓடிவந்தாள் மாணவி இசக்கிசெல்வி. "ஆடு கிட்ட வந்தா பெட்டி கத்தும். பக்கத்து இஞ்சிக் கிடங்கு முற்றத்துல சுக்கு காயுதுல்ல... அதுக்குக் காவல். ஐயோ, என் கூடப் படிக்கிற அம்ருதா செஞ்ச வாழைநார்ச் செருப்பைத் தின்னுருச்சே!"

"ஆடு எங்ஙனே வந்நு?"

"பின் ஜன்னல்ல கண்ணாடி இல்ல, மேடம்."

"கத்துறது யாரு?"

இசக்கிசெல்வி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"மாடத்தி அத்தைதான். போன மாசம் அவங்க மீனைப் பூனை தூக்கிட்டுப் போச்சு. ஜன்னலோரம் நின்னு ரெக்கார்ட் பண்ணிட்டேன்..."

"எது? இந்தக் கீச்சுக்குரல் என்னுதா?" மாடத்தி சீறினாள்.

பாலையாவின் போன் ஒலித்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏங்க, குளிச்சிட்டு வர்றதுக்குள்ள என்னக் கொன்னுட்டாங்களாமே? சேதி பள்ளுருத்தி வரைக்கும் வந்துருச்சு! சொன்னது மாடத்தியக்காதானே?"

மஞ்சுஷா பாலையாவின் தோளை விட்டாள். அவனுக்குப் போன உயிர் வந்தது.

"ஒண்ணு மட்டும் புரியல, மேடம்," இசக்கிசெல்வி முனகினாள். "இந்தச் சத்தத்துக்கு எல்லா ஆடும் தலைதெறிக்க ஓடுச்சு. இது மட்டும் ஏன் ஓடல?"

ஆடு திரும்பியது. துள்ளி வந்து மாடத்தியின் புடவையில் முகத்தைத் தேய்த்தது.



"அது... எங்க வீட்டு ஆடு," என்றாள் மாடத்தி, கூரையைப் பார்த்தபடி. "தினமும் கேக்குற குரலுக்கு அது எங்க பயப்படும்?"

"அப்போ என் மெஷின் ஃபெயிலா, அத்தை?"

"குரலை மாத்துடி! பாப்பா குரலைப் பதிவு பண்ணு. ஆடு என்ன... பாலையாவே ஓடுவான்!"