படப்பொருத்தம்

அர்த்தநாரி மூன்றாவது முறையாக எழுந்து, அரங்கின் முகப்பில் ஒட்டியிருந்த பழைய சுவரொட்டிகளைப் பார்த்துவிட்டு வந்தார். அவர் தேடிய முகம் அங்கே இல்லை. இல்லை என்பதால் நிம்மதியும் வரவில்லை.

"உட்காருங்க அப்பாரு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாத்தா, பொண்ணு வீட்ல என்னமோ இருக்குதுன்னு நெனைப்பாங்க" என்றாள் பேத்தி நிறைமதி.

"நம்ம வீட்ல என்ன இருக்குது? ஒண்ணுமில்ல. நீ முந்தானையைச் சரி பண்ணு."

சேலத்தில் ஜாதகக் கட்டம் பார்ப்பது நின்று ஒரு தலைமுறை ஆகிவிட்டது. இப்போது படப்பொருத்தம்தான். இரு வீட்டுப் பெரியவர்களும் ஒரு பழம்பட அரங்குக்கு வந்து விழைமானியில் உள்ளங்கை வைக்க வேண்டும். நகரத்து அரங்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே கிடங்கு. நூறு வருடத்துப் படங்களும் அதில் இருந்தன. கருவி நரம்பைப் படிக்கும், வாய் சொல்வதைக் கேட்காது. ஒவ்வொருவரும் உள்ளூர எந்தப் படத்துக்கு ஏங்குகிறார் என்பதை ஒரு காட்சித் துணுக்கோடு எல்லார் முன்னிலையிலும் காட்டிவிட்டு, இருவருக்கும் ஒத்துவரும் படத்தை ஓட்டும். முழுப் படமும் பார்த்தால் சம்பந்தம் உறுதி. பெரியவர்களில் ஒருவர் பாதியில் எழுந்தாலும் சம்பந்தம் வேண்டாம் என்று பொருள்.

அர்த்தநாரி பயந்தது அந்தக் காட்சித் துணுக்குக்குத்தான். அவருடைய அக்கா சௌந்தரி, நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் வீட்டை விட்டுப் போய் ஒரே ஒரு படத்தில் ஆடினாள். வீடு அவளைத் தலைமுழுகியது. பிறகு தலைமைக்கு வந்த அர்த்தநாரி, அந்தப் பெயரே வீட்டில் எழாதபடி பார்த்துக்கொண்டார். படத்தை அவரும் பார்த்ததில்லை. ஆனால் நிறைமதி வளர வளர, அக்காவின் முகமே திரும்பி வந்தது. அதே கன்னக்குழி, அதே முன்பல். துணுக்கு வந்தால் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்காது.

ஆகவே காலையில் மருந்துக்கடையில் விழைவாற்றி மாத்திரை வாங்கியிருந்தார். நரம்பைப் படிக்கும் கருவி வந்த உடனேயே நரம்பை அடக்கும் மாத்திரையும் வந்துவிட்டது.

"எந்தப் படம் வேண்டாமோ அதை நெனைச்சுக்கிட்டு அரை மாத்திரை போடுங்கய்யா. அந்த ஆசை மட்டும் கொஞ்ச நேரம் அடங்கும்" என்றிருந்தாள் கடைக்காரப் பெண். "முழுசாப் போட்றாதீங்க. எல்லா ஆசையும் சேந்து அடங்கிப்போயிரும்."

எங்கள் வீட்டில் எதையும் அரைகுறையாகச் செய்ததில்லை என்று அர்த்தநாரி இரண்டு மாத்திரைகளை முழுதாக விழுங்கினார்.

மாப்பிள்ளையின் தாத்தா பொன்னுரங்கம் கஞ்சி போட்ட வேட்டியில் வந்து சேர்ந்தார். அவரும் வளையாத முதுகுக்காரர்.

"என்னங்க சம்பந்தி, பக்திப் படம்தான் வரும்னு நெனைக்கிறேன்."

"எங்க வீட்டுக்கு அதத் தவிர வேற பழக்கமில்லீங்க" என்றார் அர்த்தநாரி.

இருவரும் கை வைத்தார்கள். விழைமானி முனகியது. முகப்புத் திரையில் அர்த்தநாரியின் பக்கம் வெறும் வெள்ளையாக நின்றது. பொன்னுரங்கத்தின் பக்கமும் வெள்ளை.

அரங்கப் பெண் இரண்டு முறை பார்த்துவிட்டு அறிவித்தாள். "பொருத்தம் நூத்துக்கு நூறுங்க. இப்படி வந்ததே இல்ல. உள்ள வாங்க, ஓடப்போகுது."

"எது ஓடப்போகுது?" என்றாள் நிறைமதி.

"ஒண்ணும் ஓடாதுங்க. அதுதான் ரெண்டரை மணி நேரம் ஓடும்."

விளக்குகள் அணைந்தன. இரு வீட்டாரும் வெள்ளைத் திரையின் முன் அமர்ந்தார்கள். பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். எழுந்துபோக அர்த்தநாரிக்குக் கால் துடித்தது. எழுந்தால் பேத்தியின் கல்யாணம் போயிற்று. பக்கத்து நாற்காலியில் பொன்னுரங்கம் பெருமூச்சு விட, கசப்பும் ஓமமும் கலந்த நெடி வந்தது. காலையிலிருந்து தன் வாயிலேயே இருக்கும் நெடி. அர்த்தநாரி திரும்பிப் பார்த்தார். பொன்னுரங்கம் திரும்பவில்லை.

"உங்க வீட்லயும் அரைகுறை வேலை கெடையாதுங்களா?" என்று மெல்லக் கேட்டார் அர்த்தநாரி.

"கெடையாதுங்க."

அர்த்தநாரி மறுபடி திரையைப் பார்த்தார்.

இடைவேளை மணி அடித்தது. பெரியவர்கள் அசையவில்லை. மாத்திரையின் வேகம் குறையத் தொடங்கியிருந்தது. மரத்த காலில் ரத்தம் ஊறுவதுபோல அர்த்தநாரிக்குள் ஆசை ஒன்று முள்முள்ளாகத் திரும்பி வந்தது. கிணற்றடியில் யாரும் இல்லாதபோது அக்கா ஆடியது, தம்பி பார்த்துவிட்டான் என்று தெரிந்ததும் உதட்டில் விரல் வைத்தது. படத்தில் எப்படி ஆடியிருப்பாள்? சேர்ந்தாற்போல் எத்தனை நொடி வருவாள்? கிடங்கு சுவருக்கு அப்பால்தான் இருந்தது. போய்க் கை வைத்தால் போதும், ஒரு நிமிடத்தில் அக்கா வந்துவிடுவாள். எழத்தான் முடியாது.

"அப்பாரு, கண்ணுல தண்ணி வருதே?" என்றாள் நிறைமதி குனிந்து.

"வெள்ள வெளிச்சம் கூசுதுடா."

பொன்னுரங்கமும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரையின் ஏதோ ஒரு மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அவருக்கு யார் வரவேண்டியிருந்ததோ.

அக்கா வந்துவிடுவாளோ என்று காலை முழுதும் நடுங்கிய அர்த்தநாரி, இப்போது நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல் இருந்தார்.

அவள் வரவில்லை.