ஆறாம் சேனலின் முதல் மாலை

போன் அடித்தபோது ஆர்லீன் பெசெட் இரண்டு குண்டூசிகளை வாயில் கவ்வியபடி, பின்சுவரில் தொங்கவிட்ட நீலத் திரையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"நான் வயோலா பேசுறேன்." சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிற வயோலா கட்டிங். ஊரில் எது நடந்தாலும் முதல் போன் அவளுடையதாகத்தான் இருக்கும். "திரையெல்லாம் நல்லாத்தான் இருக்கு ஆர்லீன். ஆனா அந்த ஆளை எதுக்குச் சுவரைப் பார்த்து நிக்க வச்சிருக்கே? பார்க்கவே ஒரு மாதிரி இருக்கு."

"எந்த ஆளு?"

"உன் தோளை ஒட்டி நிக்குதே. நனைஞ்ச கோட்டு போட்டுக்கிட்டு."

ஆர்லீன் திரும்பிப் பார்த்தாள். திரை, சுவர், மூலையில் எண்ணெய் அடுப்பு. வயோலாவின் குசும்பு என்று நினைத்து, "சரி, சொல்லிடறேன்" என்று போனை வைத்தாள். அடுத்த ஊசியைக் குத்தும்போதுதான் உறைத்தது. மணி ஆறு பத்து. ஒளிபரப்பு ஆறரைக்கு. ஒளிபரப்புப் பெட்டியின் சிவப்பு விளக்கு இன்னும் எரியவில்லை. கேமராவின் மூடியைக்கூட லைல் கழற்றியிருக்கவில்லை.

லைல் ஃபைஃபீல்ட் தரையில் மண்டியிட்டு ஒரு வயருக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தான். ரேடியோ ரிப்பேர் செய்கிறவன்; இந்த டிவி நிலையத்துக்காக ஒரு வருஷமாகக் காசு வாங்காமல் உழைப்பவன். அவளுக்கு இருந்த ஒரே துணை.

"வேற சேனல் ஏதாவது கசிஞ்சிருக்கும்" என்றான். "அவளுக்குக் கண்ணும் சரியில்ல."

"திரை நல்லாயிருக்குன்னு சொன்னா, லைல்."

பற்றவைப்புக் கம்பியிலிருந்து எழுந்த புகை ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு அவன் தோளைக் குலுக்கிவிட்டு வேலையைத் தொடர்ந்தான்.

நார்த் டன்மோர் என்ற அந்தச் சிற்றூருக்கு இப்படியொரு நிலையம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, ஆர்லீனைத் தவிர. பள்ளிச் சமையலறையில் பதினாறு வருஷம் குழம்பு கிண்டியவள். ஊருக்கென்று ஒரு சேனலைக் கேபிள் கம்பெனி ஒதுக்கியே ஆகவேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, இரண்டு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கினாள். நகரசபைக் கூட்டத்தை, பள்ளி நாடகத்தை, தொலைந்த நாயைப் பற்றிய அறிவிப்பை நம் ஊரே நமக்குக் காட்டட்டும் என்றாள். மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் மூன்று ஓட்டில் ஜெயித்தாள். தோற்றவர்கள் அதை மறக்கவில்லை. கடையில் அவள் நுழைந்தால் பேச்சு நின்றது. "வேவுக்காரி" என்று அவள் வண்டிக் கண்ணாடிப் பனியில் யாரோ விரலால் எழுதினார்கள். கடைசியில் அவர்கள் கொடுத்த இடம், மூடிப்போன பால் கூட்டுறவுக் கட்டடத்தின் அடித்தளக் குளிர்ப்பதன அறை. ஜன்னல் கிடையாது. முழங்கை நீளத்துக்குத் தக்கை அடைத்த சுவர்கள். சத்தம் உள்ளே வராது என்று லைலுக்கு மகிழ்ச்சி. ஆர்லீனுக்கோ, எத்தனை முறை கழுவினாலும் தரைக் குழியிலிருந்து கிளம்பும் அந்தப் புளித்த பால் வாடையும், சூடேறிய விளக்குகளின் தூசி வாடையும், அடுப்பின் எண்ணெய் வாடையும் சேர்ந்து, தொண்டைக்குள் யாரோ ஈரக் கம்பளியைத் திணிப்பதுபோல இருக்கும். அதையும் பழகிக்கொண்டாள்.

இன்று முதல் ஒளிபரப்பு. இது சரியாகப் போகாவிட்டால் நகரசபை நாளைக்கே பூட்டுப் போட்டுவிடும்.

விருந்தினர் எமரி ஸ்டானார்ட், ஊர்ச் சாலைகளுக்குப் பொறுப்பாளி. சேனலை எதிர்த்தவர்களுக்குத் தலைவரும் அவர்தான். பூட்ஸிலிருந்த பனியை அவளுடைய கம்பளத்திலேயே உதறினார்.

"அரை மணி நேரம்தான் ஆர்லீன். வெளிய ஆறு அங்குலம் பனி விழுந்திருக்கு. எனக்கு இங்க உட்கார்ந்து சினிமா நடிக்க நேரமில்ல."

"நடிக்க வேணாம் எமரி. போன்ல கேட்டா பதில் சொல்லுங்க, போதும்."

"கேட்கறதுக்கு எவன் பார்க்கப்போறான்?"

லைல் ஹெட்போனை மாட்டினான். சிவப்பு விளக்கு எரிந்தது. கேமராவுக்குப் பக்கத்தில், ஸ்டூல்மேல் வைத்த மானிட்டரில் அவர்கள் இருவரும் தெரிந்தார்கள்: வெளுத்த முகங்கள், மேசை, பின்னால் நீலத் திரை. வேறு எதுவும் இல்லை. ஆர்லீன் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் போன் அடித்தது. அழைப்பவர் பேசுவது எல்லோருக்கும் கேட்கும்படி லைல் அதை ஒலிபெருக்கியில் இணைத்திருந்தான்.

"எமரி, எங்க ரோட்டுக்குப் பனி தள்ளுற வண்டி எப்ப வரும்?" ஒரு ஆண் குரல். பதிலுக்குக் காத்திராமல் தொடர்ந்தது. "அப்புறம், அந்தப் பின்னால நிக்கிறதை வெளிய அனுப்புங்க. சாப்பிட உட்கார்ந்திருக்கோம்."

எமரி அவளை முறைத்தார். "என்ன விளையாட்டு இது?"

"அடுத்த அழைப்பு" என்றாள் ஆர்லீன்.

"வெட்கமா இல்ல உனக்கு?" ஒரு பெண். "சின்னப் பிள்ளைங்க பார்க்குது. முதுகுலேர்ந்து தண்ணி சொட்டுது, அதைப் போய்க் காட்டிக்கிட்டு!"

மானிட்டரில் நீலத் திரை அசையவில்லை. லைல் கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு இல்லையென்று தலையாட்டினான். ஆர்லீன் மெதுவாகத் திரும்பினாள். அவளே தைத்த தையல்கள். அவளே குத்திய ஊசிகள். அடுப்பின் வெம்மை ஒரு பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. ஆனால் கழுத்தின் பின்புறத்தில் மட்டும், குளிர்ப்பெட்டியை யாரோ திறந்து வைத்ததுபோல, ஒரு கை அகலத்துக்குச் சில்லென்ற காற்று.

மூன்றாவது அழைப்பில் வெகுநேரம் மூச்சு மட்டும் கேட்டது.

"திரும்புது" என்றது ஒரு கிழட்டுக் குரல். போன் துண்டிக்கப்பட்டது.

அதன்பின் போனில் வந்தது எமரியின் மனைவி. அவரிடம் மட்டும் பேசவேண்டும் என்றாள். ரிசீவரை அவர் காதோடு அழுத்திக் கேட்டார். ஆர்லீன் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் முதலில் போனது. பிறகு நிறம்.

"யாரைப் பார்க்குது?" என்று கேட்டார் எமரி. கேட்டுக்கொண்டார். "சரி. அவளையா? அவ நகரக் கூடாதா? சரி."

ரிசீவரைப் பூப்போல மேசைமேல் வைத்தார். எழுந்தார். ஆர்லீனின் கண்ணைப் பார்க்காமல், சுவரை ஒட்டியே நடந்து, லைலின் கையைப் பிடித்தார். அவன் காதில் ஏதோ சொன்னார்.

"லைல்?" என்றாள்.

லைல் ஹெட்போனைக் கழற்றினான். "என் தங்கச்சி வீட்டுல ரெண்டு குழந்தைங்க இருக்கு ஆர்லீன். அவங்களும் பார்த்துக்கிட்டிருக்காங்க."

"அதுக்கு?"

அவன் எமரியின் பின்னால் நடந்தான். தடித்த கதவு அவர்களுக்குப் பின்னால் மூடியது. அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் மட்டும்தான் கைப்பிடி. இரும்புக் கொண்டி விழுகிற சத்தம் காலுக்கடியில் அதிர்ந்தது.

அவள் ஓடினாள். கதவைக் குத்தினாள். தக்கை அத்தனை சத்தத்தையும் விழுங்கியது.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"உட்காருடி." வயோலா. "உட்காரு, உட்காரு!"

"வயோலா, யாரையாவது அனுப்பு. கதவைப் பூட்டிட்டாங்க."

"தெரியும். எமரி எழுந்தப்போ அது நேரா எங்களைப் பார்த்துச்சு. என் கூடத்துக்குள்ள பார்த்துச்சு ஆர்லீன். டிவி கண்ணாடியில அதோட மூச்சு படிஞ்சுது, உள்பக்கமா இல்ல, என் பக்கமா. இப்ப நீ எழுந்ததும் மறுபடி எங்க பக்கம் திரும்புது. போய் உட்காரு!"

"எனக்கு எதுவும் தெரியலையே!"

"உனக்குத் தெரியணும்னு இல்ல. நீ அங்க இருக்கணும். நீதானே இந்தச் சேனல் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னே? வாசல் வாசலா வந்து கெஞ்சினே?"

பின்னால் வேறு குரல்கள் சேர்ந்துகொண்டன. எப்படி ஒரே லைனில் இத்தனை பேர் என்று அவளுக்குப் புரியவில்லை. கடைக்காரர். பள்ளித் தலைமையாசிரியர். அவள் கையால் சோறு தின்று வளர்ந்த பிள்ளைகள். உட்காரு. உட்காரு. எங்க பக்கம் விடாதே. உட்காரு.

அவள் உட்காரவில்லை. கேமராவின் வயரைப் பிடுங்கினாள். பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். விளக்குகளை அணைத்தாள். சிவப்பு விளக்கு செத்தது. மானிட்டர் சுருங்கி, ஒரு புள்ளியாகி, கறுத்தது. அடுப்பின் சின்ன ஜ்வாலை மட்டும் மிஞ்சியது.

இருட்டு. புளித்த பால் வாடை. எங்கோ ஒரு சொட்டு.

மேசையில் கிடந்த ரிசீவரிலிருந்து வயோலாவின் குரல், மெல்லியதாக.

"படம் இன்னும் வருது."

இருட்டில் அவள் பின்வாங்கினாள். கைக்கு எட்டிய நாற்காலியில் சரிந்தாள். தன்னையறியாமல்தான். அந்த நொடியே ரிசீவரிலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. ஒருத்தியின் மூச்சல்ல அது. முந்நூறு வீடுகளின் மூச்சு.

"அப்படியே இரு" என்றாள் வயோலா, கிட்டத்தட்ட அன்போடு. "நல்லா இருக்கு. நகராதே."

சொட்டு அருகில் விழுந்தது. இன்னும் அருகில்.

எதிரே, செத்த மானிட்டரின் கண்ணாடியில், அடுப்பு வெளிச்சத்தில் அவள் தன் முகத்தைப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. திரை மட்டும். அவள் மூச்சை அடக்கினாள். அசையவில்லை.

கண்ணாடிக்குள், அவள் கூந்தலின் ஒரு கற்றை தானாக மேலெழும்பியது. நின்றது. பிறகு உச்சியில் மெல்ல ஒரு வகிடு விழத் தொடங்கியது. நேராக. பொறுமையாக. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் பெண்ணுக்குத் தாய் எடுப்பதுபோல, நெற்றியிலிருந்து பின்கழுத்துவரை, ஈரமாக.

ரிசீவருக்குள் யாரோ ஒருவர் கரண்டியை எடுத்து, மறுபடி சூப்பைக் குடிக்க ஆரம்பித்தார். பிறகு இன்னொருவர். பிறகு எல்லோரும்.