தொப்பிக்குள் பச்சைக் கோடுகள்

"என் பொண்ணுக்கு நானே விஷம் வெச்சேனாம் சார். சாயங்காலத்துக்குள்ள வீட்டை விட்டுப் போன்னுட்டார் என் வீட்டுக்காரர். பொண்ணுகிட்டயும் அதையே சொல்லிட்டார்; நேத்துலேருந்து அவ என் கையால தண்ணிகூடக் குடிக்க மாட்டேங்கிறா."

கையில் பையோடு துப்பறிவாளர் வீட்டுக்கு வந்த தையல்காரி அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள். மூன்று நாளைக்கு முன் அவள் சமைத்த காளானைச் சாப்பிட்டு வீட்டில் எல்லோருக்கும் வாந்தி. ஏழு வயது மகள் ஆஸ்பத்திரிவரை போய் நேற்றுத்தான் திரும்பினாள். தையல் அவசரத்தில் இவள் மட்டும் சாப்பிடவில்லை. அதுவே வினையாகிவிட்டது.

"கடைக்காரன்தான்!" என்று செருப்பை மாட்டினார் துப்பறிவாளரின் மைத்துனர். அவருக்குப் பட்டப்பெயர் அவசரம். துப்பறிவாளருக்கோ நிதானம்.

"அதே கடையில வாங்கின வேற யாருக்கும் ஒண்ணும் ஆகலையே மாப்ளே," என்றார் நிதானம்.

அவர்கள் தையல்காரியின் வீட்டுக்குப் போனபோது, அவள் மாமனாரான ஓய்வுபெற்ற தபால்காரர் நடைப்பயிற்சி முடித்து உள்ளே வந்தார். வழுக்கைத் தலை வெயிலில் கன்றியிருந்தது. வாசலில் தொப்பி மாட்டும் ஆணி வெறுமையாக இருந்தது.

"தொப்பி போடறதில்லையா ஐயா?" என்று கேட்டார் நிதானம்.

"தொலைஞ்சுபோச்சு."

"பீரோ மேல இருக்கே தாத்தா," என்றாள் கட்டிலில் படுத்திருந்த பேத்தி.

அவசரம் நாற்காலி போட்டு எடுத்தார். தொப்பியின் வெள்ளை உள்துணியில் சக்கரத்தின் ஆரக்கால் போல மங்கிய பச்சைக் கோடுகள்.

"காளானுக்கு விதை கிடையாது," என்றார் நிதானம். "குடைக்கு அடியில இருக்கிற மடிப்புலேருந்து தூள் உதிரும். அதுலேருந்துதான் அடுத்த காளான் முளைக்கும். பறிச்சு வெச்சாலும் ராத்திரி முழுக்க உதிரும். கடைக் காளான் தூள் கரும்பழுப்பு. பச்சையா உதிர்க்கிறது விஷக் காளான். இந்தத் தொப்பியில ஒரு ராத்திரி இருந்திருக்கு."

பெரியவர் தொப்பியைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"பூங்காவுல வெள்ளையா, பெருசா இருந்துச்சு. நானும் வீட்டுக்கு ஏதாவது கொண்டுவந்தேன்னு இருக்கட்டுமேன்னு, தொப்பியில கொண்டுவந்து வெச்சு, மறுநாள் மருமக நறுக்கி வெச்சதோட நானும் நறுக்கிக் கலந்துட்டேன். குழந்தை துடிச்சப்ப சொல்ல வாய் வரல. மருமகளைத் திட்டினப்பவும் வரல. வெட்கம்... என் வெட்கத்துக்கு அவளைப் பலி கொடுத்துட்டேன்."

வாசல்படியில் நின்றிருந்த தையல்காரியின் கணவன் அவள் பக்கம் திரும்பினான். "நான்..." என்று ஆரம்பித்தான்.

"எங்கிட்ட அப்புறம் பேசிக்கலாம்," என்றாள் அவள். "முதல்ல நம்ம பொண்ணுகிட்ட சொல்லுங்க."

அவன் அசையவில்லை. மகளின் முகத்தைப் பார்க்கக் கூசினான். பெரியவர்தான் போய்க் கட்டிலருகே உட்கார்ந்தார்.

"கண்ணு, தப்பு தாத்தாவோடது. அம்மா ஒண்ணும் பண்ணல."

தையல்காரி பையைக் கீழே வைத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். குழந்தை அப்பாவைப் பார்த்தாள். அவன் தலை குனிந்திருந்தது. பிறகு அம்மாவின் கையோடு சேர்த்து டம்ளரைப் பிடித்து முழுவதையும் குடித்தாள்.