ஒரு புல்லி... ஒரு பலி!

"ஐயோ... எங்கண்ணனைக் கொன்னுட்டா!"

நடுப்பகலில் எழுந்த அந்த அலறல், தெருவையே அந்த வீட்டு வாசலுக்கு இழுத்து வந்தது.

முற்றத்தில் ஒரு பழைய லாரி. பானெட் வாயைப் பிளந்திருந்தது. அதன் மூக்குக்குக் கீழே லாரிக்காரன் மல்லாந்து கிடந்தான். நெற்றிப்பொட்டில் ஒரு பள்ளம். பக்கத்தில் நீளமான இரும்பு பார்.

டிரைவர் சீட்டில் அவன் மனைவி. கை இன்னும் சாவியிலேயே இருந்தது!

அலறியவன் லாரிக்காரனின் தம்பி. மெக்கானிக். மார்பில் அறைந்துகொண்டு அழுதான். கண்ணில் மட்டும் தண்ணீர் இல்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார்.

"சாவியைத் திருப்பினது யாரு?"

"நான்தான் சார்."

"கேட்டுக்கங்க சார்! அவ வாயாலயே சொல்லிட்டா!" தம்பி பாய்ந்தான்.

"நீ கொஞ்சம் வாயை மூடு. எதுக்கும்மா திருப்பினீங்க?"

"இஞ்சின் முன்னாடி சுத்தற சக்கரம், க்ராங்க் புல்லி ஆடுது, கழட்டணும்னார். நடு போல்ட் இறுகிப் போயிருந்துச்சு. பார்ல தொங்கிப் பார்த்தும் அசையல. அதான் இஞ்சின் ஸ்டார்ட் ஆயிடாம டீசலை அடைச்சிட்டு, போல்ட்ல பாரை மாட்டி, முனையை லாரியோட அடிச்சட்டம் இருக்கே, அந்த சேஸ் மேல சாய்ச்சு வச்சார். 'அடின்னு சொன்னதும் ஒரே ஒரு தடவை செல்ஃப் அடி'ன்னார்."

"அடிச்சா?"

"இஞ்சின் லேசா சுத்தும். பாரை சேஸ் நகர விடாது. போல்ட் லூஸாயிடும். எப்பவும் அப்படித்தான் கழட்டுவார்."

இன்ஸ்பெக்டர் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

பாரை ஒரு பக்கம் வைத்தால் கீழே இறங்கும். சேஸில் முட்டி நிற்கும். மறுபக்கம் வைத்தால் மேலே எகிறும். மேலே எது இருக்கிறதோ அதைப் பிளக்கும்.

இன்று மேலே ஒரு தலை இருந்திருக்கிறது!

"கிரீஸ்ல தடம் இருக்கு. பார் மறுபக்கம் இருந்திருக்கு. மாத்தினது யாரு?"

"நான் சீட்ல ஏறினப்ப சரியாத்தான் இருந்துச்சு சார். அவர் கை துடைக்கத் துணி எடுக்கப் போனார். அப்புறம் பானெட் மறைச்சிடுச்சு."

"அண்ணனே தப்பா வச்சிருப்பார் சார்," என்றான் தம்பி. "தலை உள்ள இருக்கறப்ப இவ எதுக்கு செல்ஃப் அடிச்சா? அதைக் கேளுங்க!"

"நீ எங்க இருந்த?"

"சிகரெட் வாங்கப் போயிருந்தேன். வந்து பார்த்தா... அண்ணன்!"

இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"அவர் 'அடி'ன்னு சொன்னாரா?"

"காதுல விழுந்துச்சு சார்."

"அவர் குரல்தானா?"

"அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஒரே தொண்டை சார்..."

அடி. இரண்டே எழுத்து. அதை நம்பினால் அவள் வீட்டில் இருப்பாள். நம்பாவிட்டால்... ஆயுள் முழுக்கக் கம்பி எண்ணுவாள்!

அவள் முழங்கையில் நீலம் பாரித்திருந்தது.

"இது என்னம்மா?"

"அதுவும் அடிதான் சார்."

"பார்த்தீங்களா சார்!" தம்பி துள்ளினான். "தினம் வாங்குவா. அந்தக் கடுப்புலதான் போட்டுத் தள்ளிட்டா!"

"தினம் வாங்கினாங்களா? நீ ஒரு நாளாவது தடுத்தியா?"

"அது... குடும்ப விஷயம் சார்."

மதிலுக்கு மேலே ஒரு தலை முளைத்தது. பக்கத்து வீட்டு டெய்லர். கழுத்தில் இன்ச் டேப்.

"சார்... நான் கேட்டேன். 'அடியேய்'னு பொண்டாட்டியைக் கூப்பிட்டார். அடுத்த நிமிஷம் டமார்!"

"போதுமா சார்?" தம்பியின் முகம் பளிச்சிட்டது. "அண்ணன் 'அடி'ன்னே சொல்லல. 'அடியேய்'னு கூப்பிட்டிருக்கார். இவ பொய் சொல்றா!"

"ஏம்மா... உங்களை 'அடியேய்'னு கூப்பிடுவாரா?"

அவள் சிரித்தாள். பார்க்கச் சகிக்காத சிரிப்பு.

"அவ்வளவு ஆசையெல்லாம் அவருக்குக் கிடையாது சார். கல்யாணம் ஆன நாள்லேருந்து என் பேரே 'ஏய்'தான்."

இன்ஸ்பெக்டர் சட்டென்று மதில் பக்கம் திரும்பினார்.

"டெய்லரே... நல்லா யோசிங்க. அது ஒரே குரலா?"

"மிஷின் ஓடிட்டிருந்துச்சு சார்... 'அடி'... 'ஏய்!'..." டெய்லர் சொல்லிப் பார்த்தார். "அட, ஆமா! பின்னாடி வந்தது கொஞ்சம் பதறுச்சு!"

"அது ஒரு வார்த்தை இல்ல. ரெண்டு வார்த்தை. ரெண்டு ஆளு!" இன்ஸ்பெக்டர் தம்பியை நெருங்கினார். "'ஏய்'னு கத்தினது உங்கண்ணன். பார் மாறியிருக்கறதைப் பார்த்துட்டு கத்தியிருக்கார். தலையை உள்ள வச்சுக்கிட்டு எவனாவது 'அடி'ன்னு சொல்வானா? அந்தத் தொண்டை வேற யார்கிட்ட இருக்கு, தம்பி?"

"சார்... சத்தியமா... அண்ணன் தலையை எடுத்துட்டார்னு நினைச்சுதான் நான்..."

"சிகரெட் கடையிலேருந்து அதெல்லாம் தெரிஞ்சுதா?"

வாசல் பக்கம் நழுவப் பார்த்த தம்பியின் சட்டையைக் கான்ஸ்டபிள் பிடித்தார்.

"பாரை மாத்தினதும் நீதான். அண்ணன் மேல... அண்ணி உள்ள... நடுவுல வண்டி உனக்கு. அப்படித்தானே?"

"அது எங்கப்பா வண்டி சார்!" தம்பி வெடித்தான். "முழுசா அவனே வச்சுக்கிட்டான். என் பங்குக்கு கிரீஸ் மட்டும்தான் வந்துச்சு!"

விலங்கு மாட்டினார்கள். ஜீப்பில் ஏற்றினார்கள்.

அவள் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். ஜீப் ஜன்னல் வழியே நீட்டினாள்.

"என்ன இருந்தாலும் கொழுந்தன்... அந்தம்மா மனசைப் பாருங்க சார்," என்று கான்ஸ்டபிள் உருகினார்.

அவள் குனிந்தாள். தம்பிக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னாள்.

"உங்க குரல் எனக்குத் தெரியாதா, தம்பி? 'அடி'ன்னீங்க... நான் அசையல. கை சும்மா சாவி மேலதான் இருந்துச்சு. அப்புறம் பானெட்டுக்குள்ளேருந்து அவர் 'ஏய்'னு கத்தினார் பாருங்க..."

"அண்ணி...?"

"அப்பதான் திருப்பினேன்."

தண்ணீர் தம்பியின் மூக்கில் ஏறியது. டம்ளர் உருண்டது.

"சார்! சார்! இவதான் சார் கொன்னா! வேணும்னே கொன்னா!"

இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டார்.

"வந்ததுலேருந்து அதைத்தான்டா சொல்லிட்டிருக்க... ஸ்டேஷன் போறதுக்குள்ள வேற நல்ல கதையா யோசிச்சு வை!"