ஓடாத காரின் மீற்றர்

ஓடாத காருக்கு ஒயில் மாற்றச் சொல்லி மஞ்சள் விளக்கு எரிந்தது.

கனகேஸ்வரியின் கணவர் வரதராசா காணாமல் போய் எட்டு மாதம். பெருந்தெருவான காலி வீதியிலுள்ள பேக்கரிக்குப் பாண் வாங்க நடந்து போனவரை யாரோ வெள்ளை வான் வண்டியொன்றில் ஏற்றினார்கள் என்று கடைக்காரன் சொன்னான். மறுநாள், தான் எதையும் காணவில்லை என்றான். அன்றிலிருந்து கார் வெள்ளவத்தை வீட்டுக் கராஜில் பூட்டிக் கிடந்தது. அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. பற்றரி செத்துவிடக்கூடாதென்று ஞாயிறுதோறும் சாவியைத் திருகிப் பத்து நிமிடம் எஞ்சினை உறுமவிட்டு, பெற்றோல் மணமும் கடலின் உப்புக்காற்றும் அவருடைய பழைய வியர்வை வாசமும் கலந்த அந்த அரையிருட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இந்த ஞாயிறு கண்ணைத் திறந்தபோதுதான் விளக்கைக் கண்டாள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து நிக்கலஸ் வந்தான். வாகன வயர் வேலைக்காரன். ஒவ்வொரு வயராகச் சோதித்தான். பிறகு ஒயில் பார்க்கும் கம்பியை உருவித் துணியில் துடைத்தான். தார்போல ஒட்டியது.

"விளக்குல பிழை இல்ல அக்கா. கடைசியா எப்ப ஒயில் மாத்தினீங்க?"

"அவரைக் கொண்டுபோறதுக்கு முதல்நாள்."

"அதுக்குப் பிறகு ஐயாயிரம் கிலோமீற்றர் ஓடியிருக்கு. அவ்வளவு ஓடினாத்தான் இந்த விளக்கு எரியும்."

"ஆர் ஓடுறது தம்பி? எட்டு மாசமா நிக்குது."

நிக்கலஸ் கராஜ் கதவின் பூட்டைப் போய்ப் பார்த்தான். அது துருப்பிடித்திருந்தது; உடைத்த தடம் இல்லை.

"காரோட மத்தச் சாவி யார்கிட்ட?"

"அண்டைக்கு அவரின்ரை சேட்டுப் பொக்கற்றுக்கை இருந்தது."

அவன் கம்பியைத் திரும்பச் செருகினான். புது ஒயில் ஊற்றி, விளக்கை அணைத்து, மீற்றர் இலக்கத்தைச் சுவரில் சோக்குக்கட்டியால் எழுதினான். அவள் கொடுத்த தேநீரைத் தொடவேயில்லை.

"பொலிசுக்குப் போகாதீங்க அக்கா. போனாலும் என் பேர சொல்லாதீங்க."

அன்றிரவு, கராஜை ஒட்டிய அறையில், கடற்கரைத் தண்டவாளத்தில் கடைசி ரயில் அதிர்ந்து ஓய்ந்த பிறகும், அலை பாறையில் மோதித் திரும்புவதையும் எங்கோ சோதனைச்சாவடியில் வாகனங்கள் நின்று நின்று கிளம்புவதையும் கேட்டபடி விழித்தே கிடந்தாள். கராஜ் கதவு அசையவில்லை. எஞ்சின் சத்தம் எழவில்லை. அது அவளுக்கு நிச்சயம்.

விடிந்ததும் போனாள். பூட்டு பூட்டியபடியே இருந்தது.

திறந்தாள்.

சூடு முகத்தில் அடித்தது. எஞ்சினுக்கு மேலே, பொனற்றில் கை வைத்தாள். சுட்டது. சக்கரங்களில் ஈரச் செம்மண். வெள்ளவத்தையில் எங்கும் இல்லாத மண்.

கண்ணாடி வழியாக மீற்றரைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். அறுபத்துமூன்று கிலோமீற்றர் கூடியிருந்தது.

ஓட்டுநர் இருக்கை பின்னுக்குத் தள்ளியிருந்தது. அவரைப் போல நெடிய ஆளின் காலுக்கு அளவாக.

"இஞ்சாருங்கோ," என்றாள். அவரைக் கூப்பிடும் அதே சொல்.

இருக்கையில் ஆள் இல்லை. இருக்கைப் பட்டி மட்டும் பூட்டியிருந்தது. வெறுமைக்கு மேலே, இறுகி.

அது மூச்சு வாங்குவதுபோல மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது.