அரிசி அளந்த சந்து

காலை 8.10.

இரண்டு பேர் பிடித்து இழுத்த பிறகே, கிரி என்னும் லேசான மரத்தில் செய்த பெட்டியின் மூடி வந்தது. உள்ளே மஞ்சள் பட்டுத்துணி மட்டும் கிடந்தது. சுருளைக் காணோம்.

கியோட்டோவில் சந்துக்கா பஞ்சம்? ஆனால் தன் பெயருக்கு நூற்றெண்பது வருடத்துச் சாட்சி வைத்திருப்பது எங்கள் அரிசி அளந்த சந்து ஒன்றுதான் என்று நாங்கள் பீற்றிக்கொள்வோம். அந்தச் சாட்சிதான் இந்தச் சுருள். பழங்காலக் கூட்டெழுத்து, ஒருத்தருக்கும் படிக்க வராது. ஆனாலும் வருடத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்துக் காத்துவந்தோம்.

அன்று 1968 ஆகஸ்ட் 23, குழந்தைகளைக் காக்கும் ஜிசோ சாமியின் திருநாள். பத்தரைக்குப் பேராசிரியர் வந்து சுருளைப் படிக்க வேண்டும். பதினொன்றுக்குப் பெயர்க்கல் திறப்பு. கல்லில் ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது: 'பஞ்சத்தில் ஹயாமி குலத்து முன்னோர் தம் கிடங்கைத் திறந்து ஏழைகளுக்கு அரிசி அளந்த இடம்.' கல்லை நட்டவரும் அரிசி மது வடிக்கும் ஹயாமிதான்.

போன வருட முறை ஹயாமி வீட்டுக்கு. இந்த வருட முறைக்குப் பெட்டி திங்கட்கிழமை முதல் ஊறுகாய்க் கடை ஷிகேயின் வீட்டில் இருந்தது. சாவியும் அவளிடம். போன மாதக் கூட்டத்தில் "கல்லு இப்ப எதுக்கு?" என்று கேட்ட ஒரே ஆளும் அவள். அப்புறம் என்ன, எல்லார் விரலும் அவள் பக்கம்தான்.

"வந்து முப்பது வருஷமாச்சு, இன்னும் நம்ம சந்து மனுஷி ஆகலையே" என்றார் ஹயாமி, ரொம்ப வருத்தப்படுகிறவர்போல. பிறகு தன் ஆளை ஏணியில் ஏற்றி, பந்தலில் தொங்கிய ஒரு சிவப்பு விளக்கைக் கழற்ற வைத்தார்.

எங்கள் சந்தில் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய ஒரு காகித விளக்கு உண்டு. ஆணுக்கு வெள்ளை, பெண்ணுக்குச் சிவப்பு. இது ஷிகேயின் மகள் ஃபுமியுடையது. அவள் ஐந்து வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். வருடத்தில் இந்தத் திருநாளின் இரண்டே நாள்தான் ஷிகே மகளின் பெயரைச் சந்தில் பார்ப்பாள். வீட்டைச் சந்திலிருந்து விலக்கினால் விளக்குக்கும் இடமில்லை. அவள் அழவில்லை, விளக்கை மார்போடு வைத்துக்கொண்டு நின்றாள்.

காலை 8.45.

வெந்நீர்க் குளியல்கடை நட்சுயே வந்தாள். சந்து முழுவதையும் உடுப்பில்லாமல் பார்த்தவள், அவளிடம் பொய் சொல்ல எவருக்கும் கொஞ்சம் கூச்சம். கூடவே காவல்சாவடிப் போலீஸ்காரர் ஒகுனோ, வடக்கேயிருந்து மாற்றலாகி வந்தவர், வேர்த்து வழிந்தபடி.

"பெட்டி எப்ப வந்துச்சு ஷிகே?"

"திங்கக்கிழமை சாயங்காலம்க்கா. மழைக்கு எண்ணெய்த்தாள் சுத்தி ஹயாமி வீட்டு ஆள் கொண்டுவந்தான்."

"திறந்தியா?"

"சாமி மாடத்துல வெச்சது வெச்சபடி இருக்கு. அன்னிக்கு இருந்த ஈரத்துல எனக்கு என் அலமாரியே திறக்கல. மறுநாள் மாமியார் திதிக்கு நல்ல கிமோனோ எடுக்க முடியாம, கடைத்துணியோட போய் நின்னேன். மானமே போச்சு."

நட்சுயே தலையாட்டிக்கொண்டாள். "போன வெள்ளிக்கிழமை, முன்னோரை வழியனுப்ப மலையில தீ ஏத்தின அன்னிக்குப் பிடிச்ச மழை, செவ்வாய்க்கிழமைதானே விட்டுச்சு?"

"ஆமாக்கா."

காலை 9.20.

ஹயாமியின் கூடம். விசிறி ஓய்ந்த பாடில்லை. ஆனாலும் ஹயாமி கறுப்பு மேலங்கியோடுதான் உட்கார்ந்திருந்தார்.

"பெட்டியைக் கொடுக்கறதுக்கு முன்னாடி சுருளைப் பார்த்தீங்களா ஐயா?"

"பார்க்காம கொடுப்பேனா? திங்கக்கிழமை நாலு மணி. கிடங்குலயே திறந்து பார்த்தேன். இருந்துச்சு."

"பெட்டி எப்பவும் கிடங்குலதானா?"

"என் முறை வருஷம் முழுக்க. மண்சுவரு, ஒரே சன்னல்."

"மூடி திறக்கச் சிரமமா இருந்துச்சா?"

"ஒரு விரல்ல தூக்கினேன், வந்துச்சு. அந்தக் காலத்து வேலைப்பாடு நட்சுயே!" அவள் மணிக்கட்டைப் பார்த்தார். "நல்ல கடிகாரம் கட்டியிருக்கே."

எங்கள் ஊரில் இப்படிச் சொன்னால் எழுந்து போ என்று அர்த்தம்.

"ஆமாங்க, சரியாக் காட்டும். ஒன்பது முப்பத்தஞ்சு" என்று அவள் இன்னொரு வாய் தேநீர் குடித்தாள்.

"அங்கியைக் கழற்றிட்டு உக்காருங்களேன், புழுங்குதே" என்றார் ஒகுனோ.

"விழா நாள். பரவாயில்ல."

காலை 10.15.

குழந்தைகள் வட்டமாக உட்கார்ந்து நீண்ட ஜபமாலையைக் கைமாற்றிக் கொண்டிருந்தார்கள். பேராசிரியர் கால் மணி முன்னதாகவே வந்துவிட்டார். ஷிகே மூலையில் விளக்கோடு நின்றாள். எங்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நட்சுயே பெட்டியை நடுவில் வைத்தாள்.

"இது கிரி மரம். மழையில ஈரத்தைக் குடிச்சு ஊதிக்கும், மூடி இறுகிக்கும். பழைய காகிதத்தை இதுல வைக்கிறதே அதுக்குத்தான். மூணு நாள் வெயில் காய்ஞ்சும் இன்னிக்குக் காலைல ரெண்டு பேர் இழுத்தீங்க. ஷிகே அலமாரியும் அதே மரம்தான், திங்கக்கிழமை அசையல. நாலு நாள் அடைமழைக்கு அப்புறம், மண்சுவர்க் கிடங்குல, இந்தப் பெட்டியை ஐயா ஒரு விரல்ல திறந்தாராம்!"

நட்சுயே மூடியை விரலால் தட்டினாள்.

"இது நமக்கெல்லாம் தெரியும். ஐயாவுக்குத் தெரியாது. கிமோனோவைக்கூட ஆள்தான் எடுத்துக் கொடுப்பான், பாவம். தன் கையால அவர் ஒரே ஒரு பெட்டியை ஒரே ஒரு தடவை திறந்திருக்கார், சுருளை எடுத்த நல்ல வெயில் நாள்ல. அப்ப ஒரு விரல் போதும். திங்கக்கிழமை திறக்கவே இல்ல, அந்த நெனப்புலயே எங்கிட்ட சொல்லிட்டார்."

"உளறாதே!" ஹயாமியின் கை தானாக இடது அங்கிக்கைக்குள் போனது.

"அங்கதானே இருக்கு? முன்னோர் பேரு எழுதினதை எரிக்க மனசு வரல. வீட்டுல வெக்கவும் பயம். அதான் இந்த வேக்காட்டுலயும் அங்கி கழறல."

ஒகுனோ கையை நீட்டினார். சுருள் அங்கிக்கைக்குள்ளிருந்து வெளியே வந்தது.

"போன மாசம் ஒசாகாவுல ஒருத்தர்கிட்ட படிக்கச் சொல்லிக் கேட்டேன்" என்றார் ஹயாமி, தரையைப் பார்த்தபடி. "கேக்காமலே இருந்திருக்கலாம்."

காலை 10.40.

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார்.

"'பஞ்சத்தில் ஹயாமி கிடங்கைப் பூட்டினார். சந்துப் பெண்கள் பூட்டை உடைத்தனர். வீட்டுக்கு ஒரு படி, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அளந்து முடித்தபின் கிடங்கைப் பெருக்கி, கதவைச் சாத்திச் சென்றனர். அதுவரை ஹயாமி காலி மதுப் பீப்பாய்க்குள் இருந்தார்.'"

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. அப்புறம் சந்தே சிரித்தது. ஷிகே மட்டும் சிரிக்கவில்லை. கல்லின் மேல் போர்த்திய துணியை யாரும் தொடவில்லை.

ஹயாமி அவள் முன்னால் வந்து குனிந்தார். "ஷிகேம்மா, தப்பு என்மேலதான். உடனே ஆளை விட்டு விளக்கை மாட்டச் சொல்றேன்."

"ஆள் வேணாம். நீங்களே ஏறுங்க."

ஹயாமி மேலங்கியைக் கழற்றினார். ஒகுனோ ஏணியைப் பிடித்துக்கொண்டார். அறுபது வயதில் முதல்முறையாக ஏணி ஏறுகிற மனிதர், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினார். கொக்கியில் விளக்கு மாட்டவில்லை, மறுபடியும் மாட்டவில்லை. மூன்றாவது தடவை மாட்டியது.

"பேரு தெரியல. தெருப்பக்கம் திருப்புங்க" என்றாள் ஷிகே.

அவர் திருப்பினார். ஃபுமி என்ற பெயரைப் பார்த்த பிறகுதான் அவள் அழுதாள்.