துக்கம் கேட்க ஒரு பகல்

செம்பட்டணத்துத் துறைமுகத்தில் பெட்டி கைக்கு வருவதற்கு முன்பே யார் யார் செத்துப்போனார்கள் என்று சொல்லிவிடுவார்கள். கப்பலிலிருந்து இறங்கியவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். சுவரில் பதித்திருக்கும் அறிவிப்பான் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, அவரவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி பெயர்களைப் படிக்கும். சிலர் தலையாட்டிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். சிலர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். எதிர்க் கடையில் துக்கச் சொட்டு கிடைக்கும். கண்ணில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டால் அரை மணி நேரத்துக்கு நிற்காமல் நீர் வரும். துறைமுகத்திலேயே கூட்டம் அதிகமான கடை அதுதான்.

ஒளியோட்டக் கப்பல்களில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் பழகிப்போன சங்கதி. ஒளியை எட்டிப்பிடிக்க ஓடுகிற கப்பலுக்குள் காலம் மெதுவாக நகரும். உள்ளே இருப்பவருக்கு இரண்டு வயது கூடுவதற்குள் ஊரில் நாற்பது ஐம்பது வருடம் ஓடிவிடும். இந்த லட்சணத்தில், செவ்வாயின் பெருநகரமான செம்பட்டணத்தில் கப்பல் நிற்பது ஒரே ஒரு பகல். தண்ணீரும் எரிபொருளும் ஏற்றியதும் கிளம்பிவிடும். அந்த ஒரு பகலுக்குள் அரை நூற்றாண்டு உறவைக் கொண்டாடியாக வேண்டும்.

வேதவல்லி அந்தக் கப்பலின் நீர்ப் பொறுப்பாளர். இன்னும் தலை நரைக்கவில்லை. அவளுக்கு இந்த முறை ஐந்து பெயர்களைப் படித்தது அறிவிப்பான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். தங்கையின் பெயர் வரவில்லை. அப்போதுதான் மூச்சே வந்தது.

தங்கை பொன்வல்லி இப்போது தொண்ணூறை நெருங்குகிறாள். போன முறை பார்த்தபோது இருவரும் கிட்டத்தட்ட ஒரே வயதுக்காரிகள் போல இருந்தார்கள். இந்த நாற்பத்துச் சொச்ச வருடத்தில் பொன்வல்லிக்கு உடம்பு தளர்ந்து, கடைசியில் அவளைச் சேமத் துயிலில் படுக்க வைத்திருந்தார்கள். அதில் தூங்கும்வரை உயிருக்குப் பயமில்லை. ஆனால் விழிப்பு மட்டும் தீர்ந்துகொண்டே வரும். பொன்வல்லிக்கு மிச்சமிருந்தது ஒரு பிற்பகல் விழிப்பு. பேத்தி நறுமலரின் கல்யாணத்துக்குக் கூட அதை அவள் செலவழிக்கவில்லை. அக்காவின் கப்பல் வரும் நாளுக்கென்று வைத்திருந்தாள். அதற்குப் பிறகு தூக்கம்தான், எழுந்திருப்பது கிடையாது. எழுப்பும் மருந்தைக் காலையிலேயே ஏற்றிவிட்டதாகவும், ஏற்றினால் நிறுத்த முடியாது என்றும், நண்பகலில் பாட்டி கண் திறப்பார் என்றும் நறுமலர் செய்தி அனுப்பியிருந்தாள்.

வேதவல்லி நேரே தங்கை வீட்டுக்குப் போயிருக்கலாம். யாரும் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. ஆனால் ஊருக்கு வந்தால் முதலில் துக்கம், அப்புறம்தான் மற்றது. துக்கம் கேட்காமல் நல்லது விசாரிக்கப் போனால் அது பேச்சாகிவிடும். செவ்வாய்க்குக் குடிவந்தபோது நம்மவர்கள் விட்டுவந்தவை எத்தனையோ. இதை மட்டும் பத்திரமாகக் கட்டி எடுத்து வந்திருந்தார்கள். ஐந்தில் மூன்று வீட்டுக்காவது போகாவிட்டால் மரியாதையில்லை என்று அவளுக்குத் தோன்றியது. நண்பகலுக்குள் முடித்துவிட்டால் பிற்பகல் முழுக்கத் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்துவிடலாம். வழியில் கூப்பிட்டுப் பேசவும் மனமில்லை. நேரில் பேசப்போவதை எதற்குப் பாதி பாதியாகப் பேச வேண்டும்?

முதல் வீடு சபாரத்தினம் அண்ணனுடையது. பெரியப்பா மகன். கதவைத் திறந்த கிழவர் பல்லில்லாத வாயால், "வாங்க அத்தை" என்று காலில் விழப் போனார். அண்ணனின் மகன்! போன முறை அப்போதுதான் மீசை முளைத்து, இவளைக் கண்டாலே வெட்கப்பட்டு ஒளிந்த பயல். அண்ணன் போய் முப்பது வருடமாகியிருந்தது. வீட்டில் பாதிப் பேர் அவரைப் பார்த்ததே இல்லை. இருந்தாலும் அத்தை துக்கம் கேட்க வருகிறார் என்று முன்கூட்டியே சொட்டு விட்டுக்கொண்டு, கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து, முறையாக அழுதார்கள்.

வேதவல்லிக்குச் சொட்டு தேவைப்படவில்லை. அவளுடைய கணக்கில், அவளைத் துறைமுகம்வரை கொண்டுவந்து விட்டு, பெட்டியையும் தூக்கிக் கொடுத்து, "பாத்துப் போம்மா" என்று அண்ணன் சொன்னது முந்தாநாள் மாதிரி இருந்தது. அவள் வாய்விட்டு அழுததைப் பார்த்து அந்த வீட்டுப் பிள்ளைகள் கொஞ்சம் பயந்தே போனார்கள். அழுது முடித்ததும் இலை போட்டார்கள். சாப்பிட நேரமில்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். இவ்வளவு வருடம் கழித்து வந்துவிட்டு ஒரு வாய் சாப்பிடாமல் போனால் அப்பாவின் ஆத்மா சாந்தியடையாது என்று கிழவர் கண் கலங்கினார். அந்தக் கலக்கம் சொட்டினால் வந்ததா, நிஜமா என்று தெரியவில்லை. அவள் சாப்பிட்டாள். எழுந்திருக்கும்போது நண்பகல் கடந்திருந்தது.

கொஞ்சம் தாமதமாகும் என்று நறுமலருக்குச் சொல்லி அனுப்பினாள். உடனே பதில் வந்தது. பாட்டி நன்றாகக் கண் விழித்துவிட்டாராம், தெளிவாகப் பேசுகிறாராம். அக்கா அவசரப்பட வேண்டாம், எந்த வீட்டையும் விட்டுவிட வேண்டாம், பிறகு நம்மைத்தான் குறை சொல்வார்கள் என்றாராம். வேதவல்லிக்குத் தங்கையின் குரலே காதில் விழுந்த மாதிரி இருந்தது. சின்ன வயதிலிருந்தே பொன்னு அப்படித்தான். யாருக்கும் ஒரு குறை வைக்க மாட்டாள்.

இரண்டாவது வீடு வைத்தியலிங்கம் சித்தப்பாவுடையது. இதைத் தவிர்க்கவே முடியாது. போன முறை நேரம் போதாமல் இந்த வீட்டை விட்டுவிட்டாள். அப்போது படுக்கையில் கிடந்த சித்தப்பா, "வேதா ஊருக்கு வந்துட்டு என்னைப் பாக்காமயே போயிட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே கண்ணை மூடினாராம். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. பொன்வல்லி வீட்டு நல்லது கெட்டது எதிலும் அவர்கள் கால் வைத்ததில்லை. கோபம் எதற்கு என்பது இப்போதிருக்கும் பிள்ளைகளுக்குத் தெரியாது; ஆனால் கோபம் மட்டும் வாடாமல் இருந்தது.

கதவைத் திறந்தது வாசல் இயந்திரம். எல்லோரும் உறவில் ஒரு பெரியவரைப் பார்க்கப் போயிருப்பதாகச் சொல்லி நாற்காலியைக் காட்டியது. தான் வந்துபோனதைச் சொல்லிவிட முடியுமா என்று கேட்டாள். சொல்லலாம், ஆனால் இந்த வீட்டில் நேரில் பார்த்தால்தான் வந்ததாக ஒப்புக்கொள்வார்கள் என்று அது பணிவாகப் பதில் சொன்னது. இயந்திரத்துக்கே தெரிந்திருக்கிறது! வேதவல்லி உட்கார்ந்தாள். இதோ வந்துவிடுவார்கள், இதோ வந்துவிடுவார்கள் என்று உட்கார்ந்தே இருந்தாள். எழுந்து இரண்டடி போவாள்; நான் கிளம்பியதும் வந்து நின்றால் என்ன ஆகும் என்று திரும்பி வருவாள். நகரத்தை மூடியிருக்கும் கூரை வானத்தில் வெளிச்சம் மஞ்சளாகத் தொடங்கியபோதுதான் வெளியே வந்தாள்.

மூன்றாவது வீட்டை விட்டுவிட்டாள். அதற்கே மனம் உறுத்தியது. ஆனால் துக்க வீட்டுக்குப் போன உடம்போடு, நோயாளி படுத்திருக்கும் வீட்டுக்குள் எப்படி நுழைவது? பொதுக் குளியல் கூடத்தில் ஆவிக் குளியலுக்கு வரிசை நீண்டிருந்தது. நின்றாள். குளித்தாள். ஈரத் தலையோடு குழாய் வண்டி பிடித்து அவள் தங்கையின் வீட்டை அடைந்தபோது கப்பல் கிளம்பச் சொற்ப நேரமே இருந்தது.

வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே கல்யாண வீடு மாதிரி கூட்டம். யாரோ சிரித்தார்கள், யாரோ காபி கேட்டார்கள். நறுமலர் வந்து கையைப் பிடித்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே வேதவல்லிக்கு விளங்கிவிட்டது.

"இப்பதான் பெரிய பாட்டி. கொஞ்ச நேரம் முன்னாடிதான் தூங்கினாங்க."

பாட்டி இன்று விழித்திருக்கிறார் என்ற செய்தி ஊருக்கெல்லாம் எட்டியிருந்தது. கடைசி விழிப்பு, போய்ப் பார்க்காவிட்டால் நாளைக்கு ஒரு பேச்சு வரும். ஆகவே எல்லோரும் வந்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவரும் பக்கத்தில் உட்கார்ந்து, என்னைத் தெரிகிறதா என்று கேட்டார்கள். பொன்வல்லியும் ஒவ்வொருவராகத் தெரிந்துகொண்டு, நலம் விசாரித்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உபசரித்தாள். கூட்டத்தைக் கொஞ்சம் வெளியே அனுப்பட்டுமா, களைப்பாக இருக்குமே என்று நறுமலர் காதோடு கேட்டிருக்கிறாள்.

"என்ன சொன்னா?"

"வந்தவங்களை எப்படிடி எழுந்து போங்கன்னு சொல்றதுன்னாங்க. அக்காவுக்காகப் பேச்சைச் சேத்து வச்சிருக்கேன், அது எங்க போயிடும்னாங்க. அப்படியே கண்ணு சொருகிடுச்சு."

வேதவல்லி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். திறந்திருந்த கண்ணாடிப் பேழைக்குள் சின்னக் குழந்தை அளவுக்குச் சுருங்கிப்போன ஒரு முகம். இவளுக்குத் தெரிந்த பொன்னுவை அதில் தேட வேண்டியிருந்தது. பேச்சு இல்லாவிட்டால் என்ன, மிச்ச நேரமாவது அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம் என்று நிலைப்படியில் கால் வைத்தாள்.

"அத்தை."

திரும்பினாள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், பின்னால் மனைவி, மக்கள். வைத்தியலிங்கம் சித்தப்பாவின் பேரன் அருணகிரி. அவர்களும் இங்கேதான் இருந்திருக்கிறார்கள், நண்பகலிலிருந்து. பேச்சு வார்த்தை இல்லாவிட்டாலும் கடைசி விழிப்பாயிற்றே.

"நீங்க துக்கம் கேக்க வந்தப்ப வீட்டுல யாரும் இல்லாம போயிட்டோம்" என்றார் அருணகிரி. "தப்பா எடுத்துக்காதீங்க. இங்கயே கேட்டுடுங்க. நேர்ல கேட்டதா வச்சுக்கிறோம்."

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். யாரோ ஒரு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்கள். வேதவல்லி நிலைப்படியிலிருந்து காலை எடுத்தாள். வந்து உட்கார்ந்தாள். சித்தப்பா கடைசியில் ரொம்பக் கஷ்டப்பட்டாரா என்று கேட்க வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, அந்த வீட்டில் யாருமே அழுதிராத மாதிரி அழுதாள். வெளியே, கப்பலுக்கு அழைத்துப்போக வந்த வண்டி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்கியிருந்தது.

அருணகிரிக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. எங்கள் தாத்தாவுக்காக இத்தனை வருடம் கழித்து இப்படி அழுதவர்கள் யார் இருக்கிறார்கள் என்று மனைவியிடம் சொன்னார். பிறகு அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் நமக்குள் எந்த மனத்தாங்கலும் கிடையாது என்று எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தார். கூடத்தில் இருந்தவர்கள் மகிழ்ச்சியோடு தலையாட்டினார்கள். ஒரு பெண் காபி கொண்டுவந்து நீட்டினாள். வேண்டாம் என்றால் வருத்தப்படுவாளோ என்று வேதவல்லி வாங்கிக் குடித்தாள்.